பென்சிலைப் பிள்ளையின் கையிலேயே விடுங்கள்: கணக்கு வழியாக யோசிக்கப் பழக்குவது எப்படி

சாயந்திரம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போன மாதம் ஒரு நாள் அவர்களிடம் ஒரு கணக்கு சொன்னேன். "போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஒருத்தர் 12 ஆடும் 5 மாடும் ஓட்டிக்கிட்டு வந்தார். அவருக்கு என்ன வயசு?" நான் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் "பதினேழு" என்று கத்தினார்கள். ஒருவன் சிலேட்டில் 12 எழுதி, கீழே 5 எழுதி, கோடு போட்டுக் கூட்டி, விடையைச் சுற்றி வட்டமும் போட்டுவிட்டான். இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்திதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆட்டை வெச்சு அவரு வயசு எப்படி அத்தை தெரியும்?" என்றாள்.

இதை நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். 1979-ல் பிரான்சின் க்ரெனோபிள் நகரத்தில் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவருக்கு வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் எண்களைக் கூட்டியோ கழித்தோ ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். எண்ணைக் கண்டால் உடனே ஏதாவது செய்ய வேண்டும், செய்தால்தான் டீச்சர் டிக் போடுவார் என்று எல்லா ஊரிலும் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள், நாமும் வீட்டில் அதையேதான் பழக்குகிறோம். எத்தனை கணக்கு போட்டான் என்றுதான் கேட்கிறோம், ஒரே கணக்கோடு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் மக்கு என்று நினைத்துப் பயப்படுகிறோம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பிள்ளை யோசிக்கக் கற்றுக்கொள்கிறது. ஐந்து வயசிலிருந்து பத்து வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளோடு அந்தப் பத்து நிமிஷத்தை எப்படி உட்கார்ந்து கழிப்பது என்பதை, எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தினமும் ராத்திரி இருபது கணக்கு போட வைப்பேன். அவன் திணறினால் பென்சிலை வாங்கி நானே போட்டுக் காட்டுவேன், "பாத்தியா, இவ்ளோதான்" என்பேன். கொஞ்ச நாளில் அவன் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். கணக்கைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். "கூட்டணுமா?" என்பான். என் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், "இல்ல இல்ல, கழிக்கணும்" என்பான். விடையெல்லாம் சரியாகவே வந்தது. அவன் படித்தது கணக்கை இல்லை, என் முகத்தை என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது. அதனால்தான் முதல் விதியாக இதைச் சொல்கிறேன்: பென்சில் பிள்ளையின் கையை விட்டு நம் கைக்கு வரக் கூடாது. தேவைப்பட்டால் நமக்கென்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளலாம்.

சரி, கணக்கை எப்படி ஆரம்பிப்பது? எண்ணை மறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். புத்தகத்தில் இருக்கிற கணக்கை அப்படியே படிக்காமல், எண் இல்லாத கதையாகச் சொல்லுங்கள். "ஒரு அக்கா கூடை நிறைய மாங்கா கொண்டுட்டுப் போனாங்க, வழியில கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தாங்க, மீதியைச் சந்தையில வித்தாங்க." அப்புறம் கேளுங்கள்: என்ன நடந்தது? கூடை வரவர கனமாச்சா, லேசாச்சா? நமக்கு எதைக் கண்டுபிடிக்கணும்? பிள்ளை தன் வாயால் கதையைத் திருப்பிச் சொன்ன பிறகு எண்களைக் கொடுங்கள். எண் கண்ணில் படாதவரை பிள்ளைக்குக் கூட்டவோ கழிக்கவோ கை துறுதுறுப்பதில்லை, கதையைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும். வாசிக்க இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கும் இது நல்லது, ஏனென்றால் கணக்கு வரவில்லை என்று நாம் நினைக்கிற பல நேரத்தில் வாசிப்புதான் வரவில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். "மொத்தம்னு வந்தா கூட்டு, மீதின்னு வந்தா கழி, அதிகம்னு வந்தா கூட்டு" என்று சொல்லிக்கொடுப்பது. அவசரத்துக்கு உதவுகிற மாதிரி இருக்கும், ஆனால் பிள்ளையைக் குழியில் தள்ளிவிடும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: "ராணியிடம் 8 மாம்பழம் இருக்கிறது. அது தங்கையிடம் இருப்பதைவிட 3 அதிகம். தங்கையிடம் எத்தனை?" அதிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 11 என்று சொல்லும். படம் போடச் சொன்னால் சரியாகிவிடும். ராணிக்கு எட்டு வட்டம், அதற்குக் கீழே தங்கைக்கு. யாருக்கு நீளமான வரிசை என்று கேட்டாலே பிள்ளை 5 என்று சொல்லிவிடும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. மாம்பழத்துக்குக் காம்பும் இலையும் வரைய ஆரம்பித்தால் மட்டும், வட்டம் போதும் கண்ணு என்று சொல்லிவிடுங்கள்.

படத்துக்கும் முன்னால், சின்னப் பிள்ளைகளுக்குக் கையில் பொருள் வேண்டும். நம் பக்கத்தில் இதற்குக் காசே செலவழிக்க வேண்டாம். புளி தட்டுகிற காலத்தில் வீட்டுக்கு வீடு கொட்டை கிடக்கும், ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்துவிடுங்கள். கூடவே துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை ஒரே நீளமாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வையுங்கள். இடமதிப்பு என்று புத்தகம் சொல்கிற விஷயம் முழுக்க அந்தக் கட்டுக்குள் இருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதை நீங்களே இதை வைத்துச் செய்துகொள்ளலாம். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கே.ஆர்.பி. அணையின், அதாவது கிருஷ்ணகிரி அணையின், முழு உயரம் 52 அடி. மழைக்காலத்தில் பெரியவர்கள் எத்தனை அடி என்று பேசிக்கொள்வது பிள்ளைகளின் காதிலும் விழும். அதனால் ஒருநாள் கேட்டேன்: "இப்ப 27 அடி தண்ணி இருந்தா, அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி வேணும்?" மூன்றாம் வகுப்புப் பையன் 52-ஐயும் 27-ஐயும் மேலும் கீழும் எழுதினான். 2-லிருந்து 7 போகாது. உடனே 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதினான், 5-லிருந்து 2 போனால் 3. விடை 35 என்றான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும் என்று யாரோ சொன்னதை அவன் அப்படிப் புரிந்துவைத்திருக்கிறான்.

தப்பு என்று சொல்லவில்லை. "52-ல பாதி எவ்ளோ?" என்றேன். விரலை மடக்கி, கொஞ்ச நேரம் கழித்து 26 என்றான். "தண்ணி பாதிக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?" மேலே. "அப்ப காலியா இருக்கிறது பாதிக்கு மேலயா, கீழயா?" அவன் 35-ஐப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் மறுபடி 35-ஐப் பார்த்தான். "அத்தை, இது வராது" என்றான். சொன்னது அவன், நான் இல்லை. அதற்குப் பிறகு ஈர்க்குச்சியை எடுத்தோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து ஏழு எடுக்க வேண்டும், உதிரி இரண்டுதான் இருக்கிறது. அவனே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்தான், இரண்டு கட்டை எடுத்தான், 25. பக்கத்து இலைக்கு எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளை, "நான் வேற மாதிரி செஞ்சேன்" என்றது. 27-லிருந்து 30-க்கு மூணு, 30-லிருந்து 50-க்கு இருபது, அப்புறம் ரெண்டு. மூணும் இருபதும் ரெண்டும் இருபத்தஞ்சு. கடன் வாங்கவே இல்லை, அணையில் தண்ணீர் ஏறுகிற மாதிரியே ஏறிப் போய்விட்டது. இரண்டு வழியையும் இரண்டு பிள்ளைகளும் மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்ட வைத்தேன். அன்றைக்கு நாங்கள் போட்டது அந்த ஒரே கணக்குதான், அரை மணி நேரம் போய்விட்டது, எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போலியா என்ற கணித அறிஞர் இதைத்தான் நாலு படியாகச் சொன்னார். கணக்கைப் புரிந்துகொள், வழியை யோசி, செய், செய்ததைத் திரும்பிப் பார். நம் வீடுகளில் மூன்றாவது படி மட்டும்தான் நடக்கிறது. முதல் படிக்கு எண் இல்லாத கதை, இரண்டாவதுக்குப் படமும் புளியங்கொட்டையும், நாலாவதுக்கு "இது சரியா வருமா?" என்ற கேள்வி, இவ்வளவுதான் நாம் சேர்க்க வேண்டியது.

அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டவுடனே பிள்ளையின் கை ரப்பரைத் தேடிப் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? விடை தப்பாக இருந்தால்தான் பெரியவர்கள் கேட்பார்கள் என்று அதற்குத் தெரியும். அதனால் சரியான விடைக்கும் கேளுங்கள், சொல்லப்போனால் சரியான விடைக்குத்தான் அதிகம் கேட்க வேண்டும். ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிட்டு, தப்பை ஒரு கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடித்தது கண்ணுக்குத் தெரிந்தால்தான் எங்கே வழி மாறியது என்று நாமும் பார்க்க முடியும், பிள்ளையும் பார்க்கும்.

பிள்ளை முழிக்கும்போது என்ன செய்வது என்று நிறைய அம்மாக்கள் கேட்கிறார்கள். சும்மா இருங்கள். மனசுக்குள் இருபது வரைக்கும் எண்ணுங்கள், நிஜமாகவே எண்ணுங்கள், ஏனென்றால் நமக்கு ஐந்து விநாடியே ஐந்து நிமிஷம் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் விடையைச் சொல்லாமல் ஒரு கேள்வி கொடுங்கள். உனக்குத் தெரிஞ்சது என்ன? இதே கணக்கைச் சின்ன எண்ணை வெச்சுப் போட்டா எப்படிப் போடுவ? படம் போட்டுப் பாக்கலாமா? இவற்றில் சின்ன எண் வழி ரொம்ப வேலை செய்யும். 48 பேருக்குத் தலைக்கு 6 லட்டு என்று தடுமாறுகிற பிள்ளை, 3 பேருக்கு 2 லட்டு என்றால் சட்டென்று சொல்லிவிடும், பிறகு என்ன செய்தோம் என்று அதையே சொல்லச் சொன்னால் பெரிய கணக்குக்கும் வழி தெரிந்துவிடும். அழுகிற அளவுக்குப் போய்விட்டால் நிறுத்திவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, நாளைக்கு மறக்காமல் எடுங்கள். தூங்கி எழுந்த பிறகு அதே கணக்கு தானாக வழிவிடும், பல தடவை பார்த்திருக்கிறேன். "இது ரொம்ப ஈஸி" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். வரவில்லை என்றால், ஈஸியானதே எனக்கு வரலையே என்று பிள்ளை நினைக்கும். "அவளைப் பாரு, எவ்ளோ வேகமா போடுறா" என்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் முக்கியமான இன்னொன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடமும். பள்ளியில் தமிழில் கணக்கு படிக்கிற பிள்ளை வீட்டில் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணினால் திருத்தாதீர்கள். எந்த மொழியில் யோசனை ஓடுகிறதோ அதில் ஓடட்டும், விடையைத் தமிழில் சொன்னால் போதும். தமிழிலேயே வளர்ந்த பிள்ளைகளும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். எண்பத்தொன்பது வரைக்கும் அழகாக வருவார்கள், அடுத்தது தொண்ணூறு என்று வராது. எழுபது, எண்பது என்று வந்த வரிசைக்கு அடுத்தது ஒன்பது மாதிரிதானே காதில் விழுகிறது. தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் பிள்ளை தடுமாறினால் அது கணக்குக் கோளாறு இல்லை, சொல்லின் வேலை. கட்டுகளை எடுத்து வைத்து, ஒன்பது கட்டுக்குத் தொண்ணூறு என்று பேர் என்று காட்டுங்கள்.

கணக்குக்கு எங்கே போவது என்றால், வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும். பஸ் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் 5 வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது, 12 வயசு வரைக்கும் அரை டிக்கெட். "அப்பா, 7 வயசு அக்கா, 4 வயசு தம்பி மூணு பேரும் பஸ்ஸுல போறாங்க. முழு டிக்கெட் 20 ரூபா. எவ்ளோ குடுக்கணும்?" இதில் 7-ம் 4-ம் இருக்கிறது, ஆனால் கூட்டக் கூடாது, யாருக்கு எந்த டிக்கெட் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். ஆட்டுக்காரர் வயசை 17 என்று சொன்ன பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கணக்கு நிறைய வேண்டும். தேவையில்லாத எண்ணை வேண்டுமென்றே சேருங்கள், சில சமயம் தேவையான எண்ணை விட்டுவிடுங்கள், "இது பத்தாது, இன்னொன்னு சொல்லணும்" என்று பிள்ளை கேட்கட்டும்.

பின்னத்துக்கு உங்கள் வீட்டில் பழைய படி இருந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அரைப்படி நாலு, கால்படி இரண்டு, கால்படியில் பாதி அரைக்கால் படி, அதுதான் ஆழாக்கு. ராகியை அளந்து கொட்டிக்கொண்டே, அரைப்படியும் ஆழாக்கும் சேர்ந்தால் எத்தனை ஆழாக்கு, முழுப் படிக்கு இன்னும் எத்தனை என்று கேட்கலாம். அரைக்கால் என்றால் காலில் அரை என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. எட்டில் ஒன்று என்று பலகையில் எழுதினால் பயப்படுகிற பிள்ளை இதற்குப் பயப்படுவதே இல்லை.

ஒரே விடை இல்லாத கேள்விகளும் வேண்டும். 24 மாங்காயைப் பெட்டியில் சமமான வரிசைகளாக எத்தனை விதத்தில் அடுக்கலாம்? இரண்டு வரிசையில் பன்னிரண்டு, மூன்றில் எட்டு, நாலில் ஆறு என்று கொட்டையை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வருவார்கள், ஐந்து வரிசை ஏன் வரவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அல்லது பத்து ரூபாயை 5, 2, 1 ரூபாய் நாணயங்களில் எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் நாள் மனசுக்கு வந்தபடி எழுதினான், ஒன்றையே இரண்டு தடவை எழுதினான், எது விட்டுப்போனது என்று தெரியாமல் எரிச்சலில் நோட்டை மூடிவிட்டான். "விட்டுப்போகாம எழுத ஏதாவது வழி இருக்கா?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். மறுநாள் வரும்போதே வாசலில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தான். ஐந்து ரூபாய் இரண்டு என்றால் ஒரே விதம், ஐந்து ரூபாய் ஒன்று என்றால் மூன்று விதம், ஐந்து ரூபாயே இல்லை என்றால் ஆறு விதம், மொத்தம் பத்து. வரிசையாகப் பிரித்து எழுத வேண்டும் என்பதை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும், ஆனால் அது என்னுடைய வழியாகத்தான் இருந்திருக்கும்.

விளையாட்டை மறக்காதீர்கள். பல்லாங்குழியில் பதினாலு குழிக்கு ஐந்து ஐந்தாகப் போட்டால் எழுபது கொட்டை, ஆட்டம் நடுவில் நிற்கும்போது குழியில் இருப்பதையும் இருவரும் ஜெயித்ததையும் சேர்த்து எண்ணிப் பார்த்தாலும் அதே எழுபதுதான், அது ஏன் என்று கேளுங்கள். ஆடு புலி ஆட்டம் இன்னும் நல்லது. மூன்று புலி, பதினைந்து ஆடு, நகர்த்துவதற்கு முன்னால் எதிராளி என்ன செய்வார் என்று யோசிக்க வேண்டும். "நீ இங்க வெச்சா நான் என்ன செய்வேன்னு சொல்லு" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு தடவையாவது கேளுங்கள். பத்து வயசுப் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டை இரண்டைக் கொடுத்து, எது அடிக்கடி விழுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டையும் பதினாறு விதமாக விழலாம், அதில் மூன்று மட்டும் நாலு விதத்தில் வரும், பன்னிரண்டு ஒரே விதத்தில்தான் வரும். பன்னிரண்டு ஏன் லேசில் விழுவதில்லை என்று பிள்ளைக்கு அன்றைக்குப் புரியும்.

வாய்ப்பாடு வேண்டாமா என்றால், வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சட்டென்று வந்தால் மூளை மிச்ச யோசனைக்கு ஓய்வாக இருக்கும். ஆனால் கொட்டையை வரிசையாக அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்யட்டும். பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது, அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, வீட்டிலும் அங்கிருந்தே தொடங்குங்கள். மூன்றாம் வகுப்பு என்பதற்காக மூன்றாம் வகுப்புக் கணக்கைத் திணிக்க வேண்டாம்.

நேரம் அதிகம் வேண்டாம், தினமும் கால் மணி நேரம், ஒன்றோ இரண்டோ கணக்கு. பால் குடித்து விளையாடி வந்த பிறகு நல்லது, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கணக்கைப் பிள்ளையே சொல்லட்டும், நாம் போடலாம். நம்மை மாட்டிவிடணும் என்று எவ்வளவு யோசிக்கிறார்கள் என்று பார்க்கவே ஆசையாக இருக்கும். அந்த இரண்டாம் வகுப்புப் பாப்பா போன வாரம் எனக்குச் சொன்ன கணக்கு இது: "எங்க பாட்டி 3 கிலோ புளி தட்டுனாங்க. நான் கொட்டையைப் பத்துப் பத்தா கட்டி வெச்சேன், 9 கட்டு வந்துச்சு, 4 மிச்சம். ஒரு கொட்டையைக் கோழி முழுங்கிடுச்சு. மொத்தம் எத்தனை கொட்டை இருந்துச்சு?" நான் 93 என்றேன். "இருக்குன்னு கேக்கல அத்தை, இருந்துச்சுன்னு கேட்டேன்" என்றாள்.